உன் நைனாவுக்காக நான் வளர்த்த கஞ்சாச் செடி

சேகரா,

இந்தக் கடிதத்தை வீட்டில் வைத்துப் பிரிக்காதே, பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்ப் படி என்றுதான் முதல் வரியை எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். வீட்டிலேயே படி. லலிதா பக்கத்தில் இருந்தாலும் படி. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நீயும் முதல் வகுப்பிலிருந்து தெலுங்கிலேயே படித்து, தெலுங்கிலேயே பாடம் நடத்துகிறவன். என் எழுத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பரவாயில்லை, அவசரமில்லை. இது மெதுவாகப் படிக்க வேண்டிய சங்கதிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ நகரிக்கு வந்திருந்தபோது நான் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். நீ வந்து துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தாய். அப்புறம், "அம்மா, நைனாவுக்கு எப்பிடிமா ஆரம்பிச்சுது? மொதமொதல்ல இன்னா சொன்னாரு?" என்று கேட்டாய். நான் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நைனாவின் நோவைப் பற்றி நீ கேட்டதே இல்லை. சட்டையைத் தூக்கி, விலாவுக்குக் கீழே என் கையை எடுத்து வைத்துக் காட்டினாய். நெல்லிக்காய் அளவுக்கு என் விரலில் தட்டுப்பட்டது. வேலூரில் டாக்டர் பார்த்தார், அறுத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார், அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார் என்றாய். "லலிதாவுக்குத் தெரியக் கூடாதும்மா. டிரெய்னிங் போறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஏழு மாசம் அவளுக்கு. பயந்துடுவா" என்றாய். உன் தலைமேல் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாய். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நானும் வைத்தேன்.

நான் சத்தியத்தை மீறவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் புதன்கிழமை என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு லலிதா திருப்பதியிலிருந்து தனியாகப் பஸ் ஏறி என்னிடம் வந்தாள். நீ பள்ளிக்கூடம் போனதும் கிளம்பி, நீ திரும்புவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அத்தா, அவருக்கு எம்மேல கோபமா? நான் எதனா தப்பு பண்ணேனா? ராத்திரியெல்லாம் முழிச்சுக்கினே படுத்துனு கீறாரு. ஏமண்டீன்னு கேட்டா, ஏமிலேது, ஒண்ணுமில்லன்னு அந்தப் பக்கம் திரும்பிக்கிறாரு" என்றாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "சட்டைப் பையில வேலூர் பஸ் டிக்கெட்டு கெடந்திச்சு. வேலூர்ல யாரனா கீறாங்களா அத்தா? நெஜத்தைச் சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்" என்றாள். உனக்குப் புரிகிறதா? அவள் பயப்படக் கூடாது என்று நீ மறைத்தாய். அவளோ உனக்கு இன்னொரு பெண் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அலைகிறாள். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா, அவன் உன்னை விட்டுப் போறவன் இல்ல" என்றேன். ரசம் சாதம் போட்டு, தண்ணீர் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அவளிடம் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஆனாலும் அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். நைனாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று கேட்டாய். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், உன் அம்மா ஒரு காலத்தில் கொல்லையில் கஞ்சாச் செடி வளர்த்தாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிரிக்காதே. மெய்யாகத்தான் சொல்கிறேன்.

அப்போது உனக்கு நான்கு வயது. ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. நம் ஊர் இந்தப் பக்கம் வந்துவிட்டது, ஆனால் அது முடிந்த பேச்சு என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நகரி, புத்தூர், திருத்தணி எல்லாம் மதராஸோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று ஒரு கூட்டம். நெசவுத் தெருவில் தறிச் சத்தத்தைவிட அந்தச் சத்தம்தான் பெரிதாக இருந்தது. உன் நைனா இரண்டிலும் சேரவில்லை. அவருக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. சாப்பிட்டது வயிற்றில் தங்காது. முதுகு வரைக்கும் வலி போகும். தறிக்குழியில் கால் வைத்தவர், எழுந்திருக்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். மதராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று தைத்து மூடி அனுப்பிவிட்டார்கள். கொடுத்த மாத்திரைகள் ரயிலில் வரும்போதே வேலை செய்யாமல் போயின.

புத்தூர்ப் பாதையில் ஒரு கிராமத்தில் சுப்பையா என்று ஒரு வைத்தியர் இருந்தார். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். வந்து நாடி பார்த்தார். என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டு, "நோவைத் தீக்க என்னால ஆகாதும்மா. நோப்பாளத்தை, அந்த வலியைக் கொறைக்க ஒரு லேகியம் கீது. தூங்குவான், கொஞ்சம் துன்னுவான்" என்றார். உடனே கொடுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். "அதுக்குக் கஞ்சாப் பூ வேணும். மின்னே லைசென்சு வெச்சிருந்தேன், வாங்கிக்கினு இருந்தேன். இப்போ ஸ்டேட் ரெண்டாயிடிச்சு. மெட்ராசுக்கு எழுதினா புதுத் தலைநகரு கர்நூலுக்கு எழுதுன்றான். கர்நூலுக்கு எழுதினா பதிலே காணோம்." பிறகு போகும்போது ஒரு காகிதப் பொட்டலத்தை வாசல் மாடத்தில் வைத்தார். "நான் உனக்கு ஒண்ணும் குடுக்கல. நீ எங்கிட்ட ஒண்ணும் வாங்கல" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதில் விதை இருந்தது.

ஆடி மாதம் போட்டேன். கொல்லையில் சாயத் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில், ஆமணக்குச் செடிகளுக்குப் பின்னால். ஆமணக்கு இலையும் விரித்த கை மாதிரி இருக்கும், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். முளைத்தவற்றில் ஒன்றுதான் நின்று வளர்ந்தது. உன் நைனாவிடம், ஒரு மூலிகை, வைத்தியர் வளர்க்கச் சொன்னார் என்றேன். ஆனால் திருமலைக்குப் போகிற பைராகிகளைப் பார்த்து வளர்ந்தவர் அவர். இலை விரிந்ததும் கண்டுபிடித்துவிட்டார். "இன்னாமே, என்னை சாமியாராக்கிட்டு நீ நிம்மதியா இருக்கலாம்னு பாக்கிறியா?" என்று சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்தாலும் வலிக்கும் அவருக்கு. இது தப்பில்லையா, போலீஸ் வராதா என்று கேட்டார். வைத்தியர் பேரில் அனுமதி இருக்கிறது என்று பொய் சொன்னேன். அப்போது அவர் நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

கார்த்திகையில் அது பூவெடுக்க ஆரம்பித்தது. பூ என்றால் நீ நினைக்கிற மாதிரி பூ இல்லை. கொப்பு நுனியில் பச்சையாகக் கொத்துக் கொத்தாக வரும், பிசுபிசு என்று கையில் ஒட்டும். அந்த வாசனைதான் எனக்குப் பெரிய தொல்லையாகப் போயிற்று. மூடி வைக்க முடியுமா அதை? நம் தெருவுக்கு அடுத்த சந்தில் போலீஸ் ஏட்டு ராமய்யா குடியிருந்தார். சித்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த தெலுங்குக்காரர். அவருடைய சம்சாரம் ஒருநாள் குழாயடியில் என்னைப் பார்த்து, "ஏமி வாசன வதினா, உங்க கொல்லப் பக்கமிருந்து வருது?" என்று கேட்டாள். ஆமணக்கு என்றேன். வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் அதைச் சிரிப்பாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அதற்குக் கொஞ்ச நாளில் செடி பழுக்கத் தொடங்கியது. அடி இலைகள் முதலில் மஞ்சளாயின. அதற்கு நான் கலங்கவில்லை. பூ ஏறும்போது அடி இலை மஞ்சளாகி உதிரும், பயப்படாதே என்று வைத்தியர் முன்னமே சொல்லியிருந்தார். ஆனால் மஞ்சள் அடியோடு நிற்கவில்லை. மேலே ஏறியது. பூக்கொத்தை ஒட்டிய இலைகள்கூட வெளுத்து, நுனி கருகி, சுருண்டுகொண்டன. இன்னும் சில வாரம் நின்றால்தான் பூ மருந்துக்கு ஆகும். அதற்குள் செடி போய்விட்டால் மறுபடி விதை போட்டு வளர்க்க அவருக்கு ஏது காலம்? சாணி கரைத்து ஊற்றினேன். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன். தண்ணீர் அதிகமோ என்று இரண்டு நாள் ஊற்றாமல் விட்டேன். ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்ததும் உன் நைனாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செடியைப் போய்ப் பார்ப்பேன். இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன.

ஒருநாள் குனிந்து மண்ணைக் கையிலெடுத்தேன். மேலே உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஈரமண்ணை விரலில் தேய்த்தால் வழுவழு என்று வழுக்கியது. சாயத் தொட்டியில் கைவிட்டு நூல் அலசுகிறவளுக்கு அது என்னவென்று தெரியாதா? சோடா உப்புக் கலந்த சாயத் தண்ணீர். தொட்டி ஒழுகுகிறது என்று நினைத்தேன். தொட்டியைத் தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு விரிசலும் இல்லை. அப்படியும் செடியைச் சுற்றி மண்ணால் வரப்புக் கட்டினேன். மறுநாள் வரப்புக்கு உள்ளேயே மண் நனைந்திருந்தது. யாரோ ஊற்றுகிறார்கள் என்று புரிந்தது. எனக்கு உடனே யார்மேல் சந்தேகம் வந்தது தெரியுமா? அந்த ஏட்டு சம்சாரத்தின்மேல்தான். தெலுங்குக்காரி, நம்மைப் பிடிக்காது, மதிலேறி ஊற்றிவிட்டுப் போகிறாள் என்று மனசுக்குள் அவளை நான் வைத நாட்களை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பாவம், அவள் மதிலேறுகிற ஆளா?

அப்போது ஒருநாள் ஊரில் கடையடைப்பு. எல்லைக்காக ஊர்வலம். நான் எப்போதும்போல் உச்சி நேரத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு குடிதண்ணீருக்குப் போனேன். உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். குழாயடிப் பாதை முழுக்கக் கூட்டம். கோஷம் போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து நீ அழுதாய். வெறும் குடத்தோடு திரும்பிவிட்டேன். வீட்டில் பாயில் உன் நைனா இல்லை. பின்கட்டுக்குப் போனேன்.

அவர் செடியின் எதிரே மண்ணில் உட்கார்ந்திருந்தார். கையில் செம்பு. சாயத் தொட்டியிலிருந்து செடிவரைக்கும் அவர் நடந்து போகவில்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்து போயிருக்கிறார். மண்ணில் அந்தத் தடம் இருந்தது. வேட்டியெல்லாம் நீலச் சாயம். பாயிலிருந்து எழுந்து வாசலுக்கு வருவதற்கே என் தோளைப் பிடித்துக்கொள்கிற மனுஷன், நான் தண்ணீருக்குப் போகும் நேரம் பார்த்துத் தினமும் இதைச் செய்திருக்கிறார்.

"இன்னா பண்ணிக்கினு கீற நீ?" என்று கத்தினேன். அதுவரைக்கும் அவரை நான் நீ என்று சொன்னதில்லை. செம்பைப் பிடுங்கி எறிந்தேன். அது மதிலில் பட்டு உருண்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வைத்தியர் வந்தப்போ கேட்டேன். பர்மிட்டும் இல்ல ஒண்ணும் இல்லன்னுட்டாரு. ஏட்டு வூட்டுக்கு வாசனை போயிடிச்சு. இன்னும் எத்தினி நாளு? ஒருநாளு வந்து உன் கையப் புடிச்சு இட்டுக்கினு போவாங்க. நான் போயிடுவேன், அது எனக்குத் தெரியும். நீயும் ஜெயிலுக்குப் போனா இவனுக்கு யாரு கீறா?" என்று உன்னைக் காட்டினார்.

"அதை எங்கிட்ட சொல்லக் கூடாதா? தானா காஞ்சு போச்சுன்னு நான் நம்பிக்கணுமா? தெனம் புண்ணாக்கு கரைச்சுக் கரைச்சு ஊத்தறேனே, பாத்துக்கினுதானே இருந்த?"

"சொன்னா நீ கேப்பியா?"

"வலி கொறைஞ்சிருக்குதுன்னு நாலு நாளா சொல்லிக்கினு கீறியே, அதுவும் பொய்யா?"

அவர், "தாங்க முடியலமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அப்படியே அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நீ வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, விழுந்து கிடந்த மஞ்சள் இலைகளைப் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாய். உன்னை யாரும் தடுக்கவில்லை. அன்றைக்குத்தான் நாங்கள் பேசினோம். எனக்கும் பயம்தான், ஜெயிலை நினைத்து நானும் தூங்கியதில்லை என்று நான் சொன்னேன். நான் தைரியமாக இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் தாங்கிக்கொள்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே கூரையின்கீழ், ஒரே செடிக்கு, நான் எருவும் அவர் விஷமுமாக மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தோம். இரண்டும் அன்பால் செய்ததுதான். அந்தச் செடிக்கு அது தெரியுமா?

முடிவில் அவர் ஒரு வழி சொன்னார். "ஏட்டய்யாகிட்ட நாமளே போய் சொல்லிடலாம். வந்து புடிக்கிறதுக்கு முன்னால நாமளே சொல்றது மேல். செடி என்னுதுன்னு சொல்லிடறேன். சாவறவன்மேல கேசு போட்டு இன்னா பண்ணப்போறாங்க?" நான் ஒத்துக்கொள்ளவில்லை. "சொல்றதுன்னா நடந்ததைச் சொல்லு. வெச்சவ நானு. எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதே" என்றேன். மறுநாள் காலையில் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த சந்துக்குப் போனேன். சும்மா நடந்தால் வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் போய்விடலாம். நாங்கள் மூன்று வீட்டுப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து போனோம்.

ஏட்டு வாசலில் உட்கார்ந்து பெல்ட்டுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஏமய்யா இதி! இந்த ஒடம்போட ஏன் வந்தே? சொல்லி அனுப்பினா நானே வருவேனே. கூர்ச்சோ, உக்காரு முதல்ல" என்றார்.

உன் நைனா உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏட்டய்யா, எங்க கொல்லையில கஞ்சாச் செடி ஒண்ணு கீது. எனக்கு மருந்துக்கு. வெச்சவ இவ. துன்னப்போறவன் நானு. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சேதான் வெச்சோம்" என்றார்.

ஏட்டு பாலிஷ் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். உள்ளே அவர் சம்சாரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நா பார்யா அப்பவே புடிச்சு சொல்லிக்கினே இருந்தா, வாசன வாசனன்னு" என்றார் ஏட்டு. "எலி செத்திருக்கும்னு நான்தான் சொல்லிட்டேன்." பிறகு குரல் மாறியது. "இதோ பாரய்யா. சட்டம் சட்டந்தான். பாத்தேன்னா புடுங்கணும், கேசு எழுதணும். தெரிஞ்சும் சும்மா விட்டேன்னு நாளைக்கு நான் சொல்ல முடியாது. ஆனா நாளைக்குக் காலையில எனக்கு திருத்தணில பந்தோபஸ்து டியூட்டி. இந்த எல்லைத் தகராறு இருக்குதே, சங்கராந்தி தாண்டித்தான் திரும்புவேன். வந்ததும் மொத வேலை உங்க கொல்லையப் பாக்குறதுதான். அப்போ செடி இருந்தா வேரோட புடுங்குவேன். மாட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதே."

அவர் சம்சாரம் ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்து உன் நைனாவிடம் நீட்டினாள். "கொஞ்சம் கொஞ்சமா குடிங்கண்ணா. தங்கும்" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதன்பிறகு நாங்கள் இரண்டு பேருமாகச் செடியைப் பார்த்தோம். சோடா இறங்கிய மண் கழுவிப் போகட்டும் என்று குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றினேன். அவர் கயிற்றுக் கட்டிலைக் கொல்லையில் போடச் சொல்லி அதில் படுத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் ஊத்து, அந்த வேருக்கு ஊத்து" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். மஞ்சளான இலை மறுபடி பச்சையாகவில்லை. ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியில் இலையே இல்லாத கொப்புகளில் பூ மட்டும் நின்றது. பாதிக்குமேல் கருகியும் போயிருந்தது. மார்கழிக் கடைசியில் வைத்தியர் வந்து பார்த்தார். இருப்பது போதும் என்று அறுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் லேகியம் வந்தது.

அது அவரைப் பிழைக்க வைக்கவில்லை. அதை நீ தெரிந்துகொள். ஆனால் ராத்திரியில் தூங்கினார். கீரை மசித்துப் பிசைந்தால் இரண்டு வாய் தின்பார். வலி அடங்கினபோது அவர் பேசினார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் பேசாததையெல்லாம் பேசினார். அவருக்கு என்ன பயம் என்று சொன்னார். சாவைவிட, உன் கண்ணெதிரில் வாந்தியெடுத்துவிடுவோமோ என்பதுதான் பெரிய பயமாம். நீ அவரை அப்படித்தான் நினைவு வைத்திருப்பாய் என்று. அதனால்தான் தெம்பாக இருந்த ஒருநாள் வண்டி வைத்து உன்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ரயில் காட்டினார். நைனாவைப் பற்றி உனக்கு ஞாபகம் இருப்பது அந்த ரயிலும், அவர் வாங்கிக் கொடுத்த பட்டாணியும்தான் என்று நீ சொல்லும்போதெல்லாம், அவர் ஜெயித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம் அவரிடம் நீ கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டேன். எப்போது ஆரம்பித்தது, முதலில் என்ன தெரிந்தது என்று. அப்போதுதான் சொன்னார். நான் வீட்டில் கவனிப்பதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே அவருக்கு வலி வந்திருக்கிறது. வயிற்றில் ஏதோ கல் மாதிரி தட்டுப்பட்டிருக்கிறது. அப்போது நான் உனக்கு அடுத்ததைச் சுமந்துகொண்டிருந்தேன். உனக்கு ஒரு தங்கை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டாள், உனக்கு அது நினைவிருக்காது. "நீ புள்ளத்தாச்சி. சொன்னா பயந்துடுவியேன்னு வுட்டுட்டேன். அப்புறம் அந்தக் கொழந்த போனப்போ உன் மூஞ்சியப் பாத்து எப்பிடி சொல்றது? அப்பிடியே தள்ளிப் போயிடிச்சு" என்றார். மதராஸ் டாக்டர் என்னிடம், "ஏம்மா இவ்வளவு நாள் கழித்துக் கூட்டி வந்தீர்கள்?" என்று கேட்டதும், நான் ஒன்றும் புரியாமல் விழித்ததும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்கிறாயா? வந்தது. எழுந்துபோய் அடுப்படியில் நின்றுகொண்டு அழுதேன். ஆனால் அவர்மேல் கோபத்தை எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும்? திரும்பி வந்து அவர் காலைப் பிடித்துவிட்டேன். ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. எந்த டாக்டரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வருஷம் அவர் தனியாகப் பயந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நான் படுத்திருந்தேன். அதுதான் எனக்கு ஆறவேயில்லை. ஆகையால் நீ கேட்டதற்கு என் பதில் இதுதான் சேகரா. நைனாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. ஆரம்பித்தபோது அவர் என்னிடம் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து ஏட்டு சொன்ன சொல் தவறாமல் வந்தார். நேராகக் கொல்லைக்குப் போய், இலையும் பூவும் இல்லாத அந்தத் தண்டை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, அடுப்பில் போடச் சொன்னார். உள்ளே வந்து உன் நைனாவின் கட்டிலருகில் குந்திக்கொண்டு திருத்தணிக் கலவரத்தைப் பற்றிக் கதை சொன்னார். பங்குனியில் உன் நைனா போனார். தூக்கத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு. ஏட்டும் சுடுகாடு வரைக்கும் நடந்து வந்தார். அவர் சம்சாரம் மூன்று நாள் நம் வீட்டில் சமைத்தாள். எல்லைத் தகராறு அதற்குப் பிறகும் சில வருஷம் ஓடி, திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நாம் இந்தப் பக்கம் நின்றோம். ஊரில் சிலர் அழுதார்கள், சிலர் பட்டாசு வெடித்தார்கள். அதற்கெல்லாம் முன்னமே நான் உன்னைத் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டிருந்தேன்.

உனக்கு வந்திருப்பது அவருக்கு வந்ததுதான் என்று நீயாக முடிவு கட்டிக்கொள்ளாதே. நீ சீக்கிரமே போய்க் காட்டியிருக்கிறாய், அதற்கு உன்னை மெச்சுகிறேன். இன்றைக்கு டாக்டர்களுக்கு எவ்வளவோ தெரிந்திருக்கிறது. ஒன்றுமில்லாத கொழுப்புக் கட்டியாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், லலிதாவால் தாங்க முடியாது என்று நீயே தீர்ப்பு எழுதாதே. கணவனுக்கு வேறு பெண் இருக்கிறாள் என்ற நினைப்பையே ஏழு மாத வயிற்றோடு சுமந்துகொண்டு, நின்றுகொண்டே பஸ்ஸில் வந்தவள் அவள். அதைவிடக் கனமானதையா நீ அவளுக்குக் கொடுத்துவிடப் போகிறாய்? அவள் பயப்படுவாள். பயப்படட்டும். உன்னோடு சேர்ந்து பயப்படட்டும். பயம் இரண்டு பேருக்கும் சொந்தமாக இருந்தால் அதில் ஒரு தெம்பு இருக்கிறது. அதை நான் கொல்லை மண்ணில் உட்கார்ந்த அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நீயே சொல்லு. என் வாயால் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

நான் உனக்குக் கொடுத்த சத்தியம் அப்படியே இருக்கிறது. ஆனால் வரும் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நான் திருப்பதிக்கு வருகிறேன். வேலூருக்கு நீ போய்த் திரும்புகிற வரைக்கும் உங்களோடுதான் இருப்பேன். பிரசவம் வரைக்கும் இருக்கச் சொன்னாலும் இருப்பேன். அதற்குள் சொல்லிவிடு. கதவை லலிதாதான் வந்து திறப்பாள். நான் ஒன்றும் கேட்க மாட்டேன், அவள் கண்ணை மட்டும் பார்ப்பேன். அழுது வீங்கியிருந்தால், பையை அங்கேயே வைத்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு, சந்தோஷமாக உள்ளே வருவேன்.

அம்மா